பத்து ராகம், மூன்று பெட்டி, ஒரு வீட்டுக் கணினி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் அதை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள்? கடிதம் டைப் செய்வார்கள். படம் பார்ப்பார்கள். பாட்டுக் கேட்பார்கள். பாட்டுக் கேட்க உதவும் அதே பெட்டி பாட்டை உருவாக்கவும் உதவும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

பெரம்பலூரில் நான் நடத்தும் பயிற்சி வகுப்புக்கு அரியலூர், குன்னம், ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். அவர்களில் சிலர் கேட்கும் கேள்வி இது: "சார், கர்நாடக ராகத்தை வைத்து டான்ஸ் மியூசிக் மாதிரி கம்ப்யூட்டரிலேயே செய்ய முடியுமா? அதை ஒரு தொழிலாக வைத்துக் கொள்ள முடியுமா?" முதல் கேள்விக்குப் பதில், முடியும். இரண்டாவது கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஒரு மனிதரின் கதையைச் சொல்லித்தான் விளக்க வேண்டும்.

அந்தக் கதையையும், அவர் செய்ததை உங்கள் வீட்டுக் கணினியில் காசு செலவில்லாமல் செய்து பார்க்கும் வழியையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

சரண்ஜித் சிங் யார்?

சரண்ஜித் சிங் மும்பை இந்தித் திரையுலகில் பல ஆண்டுகள் வாத்தியக் கலைஞராக இருந்தவர். கிடார், பேஸ் கிடார், கீபோர்டு எல்லாம் வாசிப்பார். பெரிய இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவுகளில் குழுவில் ஒருவராக வாசித்து விட்டு, அன்றைய சம்பளத்தை வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போகும் கலைஞர். படத்தின் பெயர்ப் பலகையில் இத்தகையவர்களின் பெயர் வராது. திரைப்பாடல்களை வாத்தியத்தில் வாசித்து இசைத்தட்டுகளும் வெளியிட்டிருக்கிறார்.

1980களின் தொடக்கத்தில் இந்திப் படங்களில் டிஸ்கோ அலை வீசியது. அந்தச் சமயத்தில் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகள் அவர் கைக்கு வந்தன.

முதல் கருவி டிஆர்-808. இது டிரம்ஸ் ஒலியை மின்சாரத்திலேயே உண்டாக்கும் தாளப் பெட்டி. 

இரண்டாவது டிபி-303. பேஸ் கிடார் போல அடிக்குரலில் வாசிக்கும் சிறிய பெட்டி. தனியாகப் பயிற்சி செய்யும் கிடார் கலைஞர்களுக்குப் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்க்கவே இதைத் தயாரித்தார்கள். ஆனால் ஒலி பேஸ் கிடார் மாதிரியே இல்லை என்று யாரும் சரியாக வாங்கவில்லை. 1984-ல் தயாரிப்பையே நிறுத்தி விட்டார்கள்.

மூன்றாவது ஜுபிடர்-8. இது விரலால் வாசிக்கும் சிந்தசைசர்.

சிங் ஒரு யோசனை செய்தார். டிஸ்கோ தாளம் இருக்கட்டும், தபலா வேண்டாம், மேலே சினிமாப் பாட்டுக்குப் பதில் ராகத்தை வாசித்தால் என்ன? தாளப் பெட்டியையும் பேஸ் பெட்டியையும் ஒன்றோடொன்று இணைத்து ஒரே வேகத்தில் ஓட விட்டார். அதன் மேல் ராகத்தை வாசித்தார். லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி உள்ளிட்ட பத்து இந்துஸ்தானி ராகங்கள். 1982-ல் ஹெச்.எம்.வி. முத்திரையில் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டாக அது வெளிவந்தது.

என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. தட்டு விற்கவில்லை. சிங் தன் பழைய வேலையைப் பார்க்கப் போய் விட்டார்.

அமெரிக்காவில் நடந்த வேறு கதை

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு புதிய நடன இசை உருவானது. வேர்ஹவுஸ் என்ற நடனக் கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் இசைத்தட்டுகளை இணைத்து ஒலிக்க விட்டார். அந்தக் கூடத்தின் பெயரிலிருந்துதான் ஹவுஸ் என்ற பெயர் வந்தது என்று சொல்வார்கள். ஒவ்வொரு அடியிலும் பெரிய டிரம் 'தும் தும் தும் தும்' என்று விழுவது இதன் அடையாளம்.

யாரும் வாங்காத டிபி-303 பெட்டி அங்கே பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. ஃப்யூச்சர் என்ற இளைஞர் குழு அதை வாங்கி, குமிழ்களைத் திருகித் திருகிப் புதுவிதமான ஒலியை எடுத்தது. 1987-ல் வெளிவந்த அவர்களின் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற தட்டிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்ற இசைப் பிரிவே பிறந்தது.

எடோ பௌமன் என்ற ஹாலந்துக்காரர் 2002-ல் டெல்லியில் பழைய இசைத்தட்டுகளைத் தேடிக் கொண்டிருந்தபோது சிங்கின் தட்டு அவருக்குக் கிடைத்தது. போட்டுக் கேட்டவர் அதிர்ந்து போனார். அட்டையில் போட்டிருந்த ஆண்டு 1982. ஒலியோ அதற்கு ஐந்து ஆண்டு கழித்து வந்த சிகாகோ இசை போல இருக்கிறது! பிறகு அவர் சிங்கைத் தேடிக் கண்டுபிடித்தார். தன் பாம்பே கனெக்ஷன் நிறுவனத்தின் மூலம் 2010-ல் அந்தத் தட்டை மறுபடி வெளியிட்டார். எழுபது வயதை எட்டிய சிங், அதன் பிறகு ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

"அப்படியானால் ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியரா?" என்று மாணவர்கள் ஆவலாகக் கேட்பார்கள். அப்படிச் சொல்வது சரியாகாது. சிகாகோ இளைஞர்கள் அவருடைய தட்டைக் கேட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரே கருவி இரண்டு ஊர்களில் இரண்டு விதமான கைகளில் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிகாகோ இளைஞர்கள் குமிழைத் திருகி ஒலியைத் தேடினார்கள். சிங்குக்கு அந்தத் தேடல் தேவைப்படவில்லை. என்ன வாசிக்க வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரியும். ராகம் அவர் விரலில் இருந்தது. இயந்திரம் புதிது, சரக்கு பழையது. 

நம் பக்கத்துச் செய்தி ஒன்று

பழைய ராகத்தைப் புது முறையில் பாடுவது நம் மாவட்டங்களுக்கும் புதிதல்ல. அரியலூர் மாவட்டத்தில் உள்ள உடையார்பாளையம் ஜமீனில் சங்கீத வித்வானாக இருந்தவர் கனம் கிருஷ்ணையர். பொப்பிலி கேசவையா என்ற வித்வானிடமிருந்து கன மார்க்கம் என்ற கடினமான பாடும் முறையைக் கற்று அதில் தேர்ந்ததால்தான் அவர் பெயரோடு 'கனம்' சேர்ந்தது. உ.வே.சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர் இவரிடம் சங்கீதம் கற்றவர். உ.வே.சா. சிறு வயதில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்து தமிழ் படித்தவர். 

கிருஷ்ணையரைப் பற்றி இன்று நமக்குத் தெரிய முக்கியக் காரணம், உ.வே.சா. அவரைப் பற்றித் தனி நூலே எழுதி வைத்ததுதான். அவர் எப்படிப் பாடினார் என்று எழுத்தில் படிக்கலாம். ஆனால் குரலைக் கேட்க வழியில்லை. அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு கிடையாது. சிங்கின் இசை விற்கவில்லை, ஆனால் தட்டில் பதிவாகி இருந்தது. அதனால்தான் இருபத்தெட்டு ஆண்டு கழித்தாவது உலகம் கேட்டது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பாடத்தின் கடைசியில் இதற்கு மறுபடி வருவோம்.

உங்கள் கணினிக்கு என்ன வேண்டும்?

சிங்கிடம் இருந்த மூன்று பெட்டிகளின் வேலையையும் ஒரே சாஃப்ட்வேர் செய்யும். அதன் பெயர் எல்எம்எம்எஸ். இலவசமானது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். விலை உயர்ந்த இசை சாஃப்ட்வேர்களின் திருட்டுப் பிரதிகளை பென் டிரைவில் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கூடவே வைரஸும் வரும். சட்டப்படியும் தவறு. இலவசமாகவே நல்லது கிடைக்கும்போது அது எதற்கு?

4 ஜிபி ராம் உள்ள சாதாரணக் கணினியே இந்தப் பாடத்துக்குப் போதும். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை விட ஒரு ஹெட்ஃபோன் நல்லது. சிறிய ஸ்பீக்கர்களில் அடிக்குரல் ஒலி சரியாகக் கேட்காது.

படி 1: தாளம்

எல்எம்எம்எஸ்ஸைத் திறங்கள். மேலே டெம்போ என்று ஒரு எண் இருக்கும். வழக்கமாக 140 என்று காட்டும். அதை 120 ஆக மாற்றுங்கள். நிமிடத்துக்கு 120 அடி என்று பொருள். ஹவுஸ் இசை பெரும்பாலும் 120 முதல் 130 வரை ஓடும்.

எஃப்6 கீயை அழுத்துங்கள். பீட்+பேஸ்லைன் எடிட்டர் என்ற ஜன்னல் வரும். புதிய பதிப்புகளில் இதற்கு பேட்டர்ன் எடிட்டர் என்று பெயர். இடது பக்கப் பட்டையில் 'மை சாம்பிள்ஸ்' பகுதியில் டிரம்ஸ் ஃபோல்டர் இருக்கும். அதிலிருந்து கிக், கிளாப், ஹைஹேட் ஆகிய மூன்று ஒலிகளை மவுஸால் இழுத்து இந்த ஜன்னலில் விடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 16 சிறு கட்டங்கள் தெரியும். கட்டத்தைக் க்ளிக் செய்தால் விளக்கு எரியும். அந்த இடத்தில் ஒலி விழும்.

கிக்: 1, 5, 9, 13
கிளாப்: 5, 13
ஹைஹேட்: 3, 7, 11, 15

ஸ்பேஸ் பாரை அழுத்துங்கள். ஹவுஸ் தாளம் ஓடும்!

இதை நம் கணக்கில் புரிந்து கொள்வது எளிது. 16 கட்டம் என்பது நான்கு அடி. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். ஆக, இந்தச் சுற்று இரண்டு முறை ஓடினால் ஓர் ஆதி தாள ஆவர்த்தனம். 120 வேகத்தில் அதற்கு 4 விநாடி ஆகும். மூன்று நிமிட இசைக்கு 45 ஆவர்த்தனம். இந்தக் கணக்கு தெரிந்தால் எங்கே ராகம் தொடங்க வேண்டும், எங்கே முடிக்க வேண்டும் என்று குழப்பம் வராது.

படி 2: ராகம்

எஃப்5 அழுத்தினால் சாங் எடிட்டர் வரும். இடது பட்டையில் முதலில் இருக்கும் இன்ஸ்ட்ருமென்ட் பகுதியிலிருந்து டிரிப்பிள் ஆஸிலேட்டரை இழுத்து இதில் விடுங்கள். அதன் வரிசையில் ஒரு கட்டத்தைக் க்ளிக் செய்து, பிறகு டபுள் க்ளிக் செய்யுங்கள். பியானோ ரோல் திறக்கும். இடது ஓரத்தில் பியானோவின் கட்டைகள் படுத்த நிலையில் இருக்கும்.

சங்கீதம் தெரியாதவர்களுக்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருக்கும். வெள்ளைக் கட்டைகளைத் தொடவே வேண்டாம். 

மூன்று கட்டைக் கூட்டத்தின் முதல் கட்டையை 'ச' என்று வைத்துக் கொள்ளுங்கள். அங்கிருந்து மேலே வரிசையாக ஐந்து கறுப்புக் கட்டைகள்: ச, ரி, க, ப, த. இது மோகனம்! சிங் வாசித்த பூபாளிக்கும் இதே ஐந்து ஸ்வரங்கள்தான்.

இப்போது அதே கூட்டத்தின் மூன்றாவது கட்டையை 'ச' என்று வைத்துக் கொள்ளுங்கள். அதே ஐந்து கறுப்புக் கட்டைகள் இப்போது ச, க, ம, த, நி ஆகி விடும். இது ஹிந்தோளம். இந்துஸ்தானியில் இதற்குச் சமமானது மால்கௌன்ஸ். அதுவும் அவருடைய தட்டில் இருக்கிறது. கட்டைகள் அதே ஐந்துதான். தொடங்கும் இடம் மாறியதும் ராகமே மாறி விட்டது. சங்கீத வித்வான்கள் இதைக் கிரக பேதம் என்பார்கள்.

தவறான கட்டையில் மவுஸ் படாமல் இருக்கவும் வழி இருக்கிறது. ராகத்துக்குரிய கட்டையின் மேல் ரைட் க்ளிக் செய்து, 'மார்க்/அன்மார்க் ஆல் கரெஸ்பாண்டிங் ஆக்டேவ் செமிடோன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லா ஸ்தாயியிலும் அந்த ஸ்வரத்தின் வரிசை வேறு நிறத்தில் தெரியும். ஐந்துக்கும் இப்படிச் செய்து விட்டால், வண்ண வரிசையில் மட்டும் எழுதினால் போதும்.

படி 3: சுருதி

இன்னொரு டிரிப்பிள் ஆஸிலேட்டரைச் சேருங்கள். மோகனத்துக்கு ச, ப இரண்டையும் நீளமாக இழுத்து விடுங்கள். ஒலியைக் குறைத்து வையுங்கள். இதுதான் உங்கள் தம்பூரா. ஹிந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது. அங்கே ச, ம வையுங்கள். வழக்கமாக விற்கும் சுருதி ஒலிகளை அப்படியே சேர்த்தால் ராகத்தில் இல்லாத பஞ்சமம் வந்து உட்கார்ந்து கொள்ளும். கவனம்.

படி 4: பேஸ்

இன்ஸ்ட்ருமென்ட் பகுதியில் எல்பி302 என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்தாலே தெரியும். பழைய டிபி-303 போல ஒலிக்கும்படி செய்யப்பட்ட கருவி இது. அதில் மோகனத்தை, ஒரு ஸ்வரத்துக்கு அரை அடி வீதம் இப்படி எழுதுங்கள்:

ச ச ப ச த ப க ரி

எட்டு ஸ்வரம், நான்கு அடி. இதில் ஸ்லைடு என்று ஒரு சிறு விளக்கு இருக்கும். அதை எரிய விட்டால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு ஒலி தாவாமல் வழுக்கிச் செல்லும். சிங்கின் தட்டு நம் காதுக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இந்த வழுக்கல் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. கட் ஆஃப் குமிழை மெல்லத் திருகிப் பாருங்கள். ஒலி மூடித் திறப்பது போல இருக்கும்.

இயந்திரத்தால் முடியாதது

இத்தனையும் செய்து விட்டுக் கேட்டால், "ஸ்வரம் சரி, ஆனால் ராகம் எங்கே?" என்று தோன்றும். தோன்ற வேண்டும். தோன்றினால் உங்கள் காது நன்றாக இருக்கிறது என்று பொருள்.

பியானோ ரோலில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமமான படிகளாகப் பிரிந்திருக்கும். ராகமோ அந்தப் படிகளுக்கு நடுவில் அசையும். அதுதான் கமகம். பூபாளிக்கும் மோகனத்துக்கும் ஸ்வரங்கள் ஒன்றே. ஆனால் கேட்பவருக்கு வேறு வேறு. வித்தியாசம் அசைவில்தான் இருக்கிறது. பியானோ ரோலின் மேல் பகுதியில் டீட்யூன் மோட் என்ற கருவி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து ஒரு ஸ்வரத்தைக் க்ளிக் செய்தால் தனி ஜன்னல் திறக்கும். அதில் கோடு வரைந்து அந்த ஸ்வரத்தை ஏற்றி இறக்கலாம். ஆனால் எங்கே, எவ்வளவு அசைக்க வேண்டும் என்று சாஃப்ட்வேர் சொல்லித் தராது. அதற்குக் கேள்வி ஞானம் வேண்டும். பக்கத்தில் நாகஸ்வரம் வாசிப்பவர் இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அந்தக் கலைஞரையே பதிவு செய்து சேர்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் மைக் மூலம் பதிவு செய்து, டபிள்யூஏவி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எல்எம்எம்எஸ்ஸில் சாம்பிள் டிராக் ஒன்றைச் சேர்த்து அதில் இதைப் போடலாம். அவர் வாசிக்கும்போது ஹெட்ஃபோனில் உங்கள் தாளமும் சுருதியும் ஓட வேண்டும். அவருடைய 'ச' எதுவோ, அதற்கு உங்கள் சுருதியை மாற்றுங்கள். நாகஸ்வரத்தை உங்கள் கட்டைக்கு வரச் சொல்ல முடியாது. பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். பெயரைப் போடுங்கள். பணம் வந்தால் பங்கு கொடுங்கள்.

தொழிலாகுமா?

இனி அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சரண்ஜித் சிங் அந்தத் தட்டை நம்பிப் பிழைக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூட வேலைதான் அவருக்குச் சோறு போட்டது. அந்த வேலையில் கிடைத்த பயிற்சியும், அதில் சம்பாதித்து வாங்கிய கருவியும்தான் அந்தத் தட்டுக்கு வழி செய்தன. தட்டுக்குப் பேர் கிடைத்தபோது அவருக்கு எழுபது வயது. நம் தமிழிலும் இதே பாடம் உண்டு. 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தின் கணினி இசை பேசப்பட்டது என்றால், அதற்குப் பின்னால் இருந்தது இளையராஜா பல ஆண்டுகள் கையால் இசைக்குறிப்பு எழுதிப் பெற்ற தேர்ச்சி.

ஆகவே படிப்பையோ வேலையையோ விட்டு விட்டு இதில் இறங்காதீர்கள். தினம் ஒரு மணி நேரம் போதும். பாடல் பதிவு, குறும்படத்துக்குப் பின்னணி, பள்ளி ஆண்டு விழாவுக்கு இசைத் தொகுப்பு என்று நம் ஊரிலேயே சிறு வேலைகள் கிடைக்கும். அவை கையைப் பழக்கும். உங்கள் சொந்த இசை அந்தப் பழக்கத்திலிருந்து வரும்.

கடைசிப் படி: சேமியுங்கள்

கண்ட்ரோல் + எஸ் அழுத்தினால் உங்கள் வேலை எம்எம்பிஇசட் என்ற வகை ஃபைலாகச் சேமிக்கப்படும். ஆனால் அது சமையல் குறிப்பு மாதிரி. எல்எம்எம்எஸ் இல்லாத கணினியில் ஒலிக்காது. கண்ட்ரோல் + ஈ அழுத்தி டபிள்யூஏவி ஃபைலாகவும் எடுத்து வையுங்கள். ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு அது ஒன்றுமே இல்லை. நண்பர்களுக்கு அனுப்ப எம்பி3 போதும். பாதுகாக்க டபிள்யூஏவி வேண்டும்.

ஃபைல் பெயரில் ராகம், தேதி, வாசித்தவர் பெயர் மூன்றும் இருக்கட்டும். 'நியூ1', 'நியூ2', 'ஃபைனல்' என்று பெயர் வைத்தால் அடுத்த வருடம் உங்களுக்கே புரியாது. ஒரு பிரதி கணினியில், ஒன்று பென் டிரைவில், ஒன்று இன்னொருவர் வீட்டில் இருக்கட்டும். சிங்கின் தட்டை டெல்லியில் ஒருவர் கண்டெடுக்க முடிந்ததற்குக் காரணம், பிரதிகள் பல இடங்களில் கிடந்ததுதான். அட்டையில் ஆண்டு இருந்ததால்தான் அதன் அருமையும் தெரிந்தது. கனம் கிருஷ்ணையரின் குரலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. உங்கள் தெருவில் நாகஸ்வரம் வாசிப்பவருக்கும், தாலாட்டுப் பாடும் பாட்டிக்கும் அந்த வாய்ப்பு உங்கள் மேஜை மேல் இருக்கிறது.

இந்த மாத வீட்டுப் பாடம்: மோகனத்தில் எட்டு ஆவர்த்தனம், 32 விநாடி மட்டும் செய்து பாருங்கள். தாளம், சுருதி, பேஸ், ராகம் நான்கும் இருக்க வேண்டும். முடித்ததும் 'ச'வை மூன்றாவது கறுப்புக் கட்டைக்கு மாற்றி, அதையே ஹிந்தோளத்தில் செய்யுங்கள். இரண்டையும் டபிள்யூஏவி ஃபைலாகச் சேமித்து, தேதியைப் போட்டு வையுங்கள்.